தீக்குக் குடை பிடிக்கலாமா?

காஞ்சீபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்து வல்லம் வடகால் இருக்கிறது. அங்கே "சிப்காட்" தொழிற்பேட்டை இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 18 ஆயிரத்து 720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி அங்கே திறக்கப்பட்டது. வெளியூர்ப் பெண்கள் பலர் இந்தப் பகுதித் தொழிற்சாலைகளை நம்பி வந்திருக்கிறார்கள்.

பெரிய தொழிற்கூடங்களில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் வரிசையாகக் குழாய்கள் ஓடும். அவற்றில் சிறு சிறு தலைகள் இருக்கும். அவைதான் "ஸ்பிரிங்க்ளர்". தீப்பிடித்தால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் கருவி.

1874-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஹென்றி பார்மலீ என்பவர் தமது பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்ற இப்படி ஒரு கருவியை அமைத்தார்.

வெடிக்கும் குமிழ்

இன்றைய கருவியின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் உண்டு. அதற்குள் திரவம் இருக்கும். சிவப்புத் திரவம் என்றால், 68 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் குமிழ் வெடிக்கும். உடனே தண்ணீர் பாயும். ஒரு தகட்டில் மோதி, பூவாளி போல விரியும்.

சினிமாவில் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கொட்டும். அது தவறு! சூடு பட்ட தலைதான் திறக்கும்.

குறுக்கே ஒரு தடை

கூரைக்குக் கீழே, காற்றைக் கொண்டு போகும் அகலமான தகரக் குழாய் தொங்குகிறது. அதன் அடியில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? மேலே இருந்து வரும் தண்ணீர் தகரத்தின் மீது விழும். கீழே தீ நனையாமல் எரியும். தீக்கு நாமே குடை பிடித்தது போல ஆகிவிடும்!

ஆகவே, 4 அடிக்கு மேல் அகலமான தடை இருந்தால், அதன் அடியிலும் ஒரு தலை வைக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது.

தடை, கம்பி வலைத் தளமாக இருந்தால் வேறு ஒரு தொல்லை. மேல் தலையின் தண்ணீர் சொட்டி, கீழ்க் குமிழைக் குளிர வைத்துவிடும். அப்புறம் அது வெடிக்காது. அதனால் அந்தக் குமிழுக்கு மேலே ஒரு சிறிய தகடு பொருத்துகிறார்கள்.

தண்ணீர் வர வேண்டுமே!

தலையை மாட்டினால் மட்டும் போதாது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தானே பயிர் பிழைக்கும்? அதுபோலத்தான் இதுவும். பம்புக்குத் தொலைவில் உள்ள தலைக்கும் போதிய அழுத்தம் வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 சதுர மீட்டர் இடத்தை ஒரு தலை காக்கிறது. சதுர மீட்டருக்கு நிமிடத்தில் 5 லிட்டர் தேவை என்றால், மொத்தம் 60 லிட்டர்.

சாதாரணமான ஒரு தலை, 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் கொட்டும். அழுத்தம் கால் பங்காகக் குறைந்தால், 40 லிட்டர்தான் வரும். அது போதாது!

குழாயில் உராய்வும் உண்டு. அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் ஓடினால், அழுத்த இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதனால், பழைய குழாயில் புதிய தலையைச் சேர்க்கும்போது, மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆபத்து எங்கே?

தொழிற்சாலை கட்டும்போது பொறியாளர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருப்பார். பிறகு புதிய எந்திரம் வரும். அதற்காகப் புதிய தகரக் குழாயும் தொங்கும். பரணும் முளைக்கும். கணக்கு மட்டும் பழையதாகவே இருக்கும்!

சரக்கை உயரமாக அடுக்கினாலும் இதே கதைதான். தலைக்குக் கீழே ஒன்றரை அடியாவது காலியாக இருக்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே! உங்கள் தலைக்கு மேலே புதிதாக ஏதாவது தொங்கினால், "இதன் அடியில் தண்ணீர் விழுமா? கணக்குப் பார்த்தாகிவிட்டதா?" என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உயிருக்கான கேள்வி!