வெள்ளிக்குள் செம்பு

பருத்தி ஏலத்துக்குப் பேர்போன மல்லசமுத்திரத்துக்கு இரு பக்கமும் ரோமானியக் காசு கிடைத்த ஊர்கள். ஒருபுறம் சேலத்துக் கோனேரிப்பட்டி. அங்கே 1987-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. மறுபுறம் கரூர்; அமராவதி ஆற்று மணலே அங்கே காசுகளைக் கொடுத்திருக்கிறது.

கொங்கு மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டே பேரரசர்கள் வெளியிட்டது. கோவையை அடுத்த வெள்ளலூரில் ஒரே புதையலில் மட்டும் 522 காசுகள் கிடைத்தன. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ, டெனாரியஸ் என்ற அந்த வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் இங்கே அரிது. நம் வணிகர்கள் மன்னனின் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியைத்தான் பார்த்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

என்னை அதிகம் ஈர்ப்பவை முலாம் காசுகள். செம்பு வில்லையை மெல்லிய வெள்ளித் தகட்டால் பொதிந்து, சூடேற்றி, அச்சில் அடித்தார்கள். அகஸ்டஸின் வாரிசுகள் காயஸும் லூசியஸும் கேடயம், ஈட்டியோடு நிற்கும் காசில் இத்தகைய போலிகள் நிறைய உண்டு. இந்தியாவில் தள்ளிவிடவே இவற்றைச் செய்தார்கள் என்றுகூடச் சில நாணய அறிஞர்கள் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னிந்தியாவில் கிடைத்த பல ரோமானியக் காசுகளில் உளிவெட்டு இருக்கிறது. புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்பாரும் உண்டு. உள்ளே என்ன உலோகம் என்று சோதித்த வெட்டாகவும் அது இருக்கலாம். தரம் குறைந்ததும் புதுக் காசை ஒதுக்கியவர்களிடம் செம்பை வெள்ளியென்று விற்பது எளிதா என்ன?

போலிக்கு மதிப்பு இன்று வந்ததல்ல. ஒரு கள்ள டெனாரியஸைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகப் பல நல்ல காசுகளைக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார்.

இன்றைய சேகரிப்பாளர் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். தகடு விட்ட இடத்தில் பச்சைக் களிம்பு தெரியும். அகஸ்டஸ் காலத்து நல்ல காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். முலாம் காசு பெரும்பாலும் அதைவிட இலேசு. எடையைவிடப் பெரிய செய்தி, அது எந்த ஊரில் கிடைத்தது என்பது. அந்தக் குறிப்பு தொலைந்தால் காசு பாதி ஊமை.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ இப்படி ஒன்று தட்டுப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பு தெரிகிறதே என்று வீசியும் விடாதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிடைத்தபடியே, கிடைத்த இடத்தின் பெயரோடு ஒப்படையுங்கள்.