படிக்குப் படி ஒரு குறிக்கோள்

திருத்தணி மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாட்களைக் குறிப்பவை என்று இவற்றைச் சொல்வார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாளன்று நடைபெறும் திருப்படித் திருவிழாவில், பஜனைக் குழுவினர் ஒவ்வொரு படியிலும் மஞ்சள் குங்குமம் இட்டு, கர்ப்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மலையேறுகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், புத்தாண்டு நாளன்று வெள்ளைக்காரத் துரைமார்களைப் பார்த்து மரியாதை செலுத்தும் வழக்கம் இருந்தது. மக்களின் மனத்தை அதிலிருந்து திருப்புவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இவ்விழாவைத் தொடங்கினார் என்பர்.

அதே நாளில் வேறொன்றும் நடக்கிறது. "நாளை முதல் பீடியைத் தொடமாட்டேன்", "தினமும் நடப்பேன்", "இனிக் கடன் வாங்கமாட்டேன்" என்று எத்தனையோ பேர் உறுதி எடுத்துக் கொள்கின்றனர். பொங்கலுக்குள் அவற்றில் பல மறைந்தும் போகின்றன. இது மன உறுதியின் குறைதானா? உளவியல் ஆய்வுகள் தரும் விடை சற்று வேறானது.

நாளில் என்ன இருக்கிறது?

2014இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோரின் எண்ணிக்கை கூடுகிறது. பழைய தவறுகளைச் சென்ற காலத்துக்கு உரியவையாக ஒதுக்கிவிட்டு, தன்னைப் புதியவனாகக் கருதிக் கொள்ள ஒரு தொடக்க நாள் உதவுகிறது. ஆகவே "நல்ல நாள் பார்த்துத் தொடங்குவோம்" என்பதில் ஓரளவு பொருள் உண்டு.

தீர்மானம் வீண் என்பதும் சரியன்று. ஸ்கிராண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்கிராஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். புத்தாண்டில் தீர்மானம் எடுத்தவர்களுள் 46 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழிந்தபின் தாங்கள் வெற்றி பெற்றதாகத் தெரிவித்தனர். மாற வேண்டும் என்ற ஆசை மட்டும் கொண்டு, தீர்மானம் எடுக்காதவர்களுள் இது 4 விழுக்காடே.

மலையைப் படிகளாக்குதல்

அப்படியானால் மீதமுள்ள பாதிப்பேர் எங்கே தடுமாறுகின்றனர்? 1981இல் பந்தூரா, ஷங்க் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கிய சிறுவர்களுக்கு 42 பக்கக் கணக்குகள் தரப்பட்டன. ஒரு பிரிவினரிடம், "ஏழு அமர்வுகளில் 42 பக்கத்தையும் முடியுங்கள்" என்றனர். மற்றொரு பிரிவினரிடம், "ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கம் முடியுங்கள்" என்றனர். மொத்த வேலை ஒன்றேதான். ஆயினும் இரண்டாம் பிரிவினரே சிறந்து விளங்கினர். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையும், கணக்கின்மீது ஆர்வமும் அவர்களிடம் வளர்ந்தன.

காரணம் எளிது. தொலைவிலுள்ள இலக்கு, இன்று நாம் முன்னேறினோமா என்பதைக் காட்டுவதில்லை. அருகிலுள்ள இலக்கோ அன்றன்றே வெற்றியைக் காட்டிவிடும்.

எப்போது? எங்கே?

திருத்தணியிலிருந்து அன்றாடம் ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். அவர்களுள் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மருத்துவர் நடக்கச் சொல்கிறார். அலட்சியம் செய்தால் கண்ணும் சிறுநீரகமும் பழுதடையக்கூடும். "இனி நேரம் கிடைக்கும்போது நடப்பேன்" என்று அவர் தீர்மானிக்கிறார். விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

"மாலையில் ரயிலைவிட்டு இறங்கியதும், ஆட்டோவில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போவேன்" என்று அவர் முடிவு செய்தால் நிலைமை மாறுகிறது. ரயிலிலிருந்து இறங்குவதே நினைவூட்டும் மணியாகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் தன்னோடு வாதாட வேண்டியதில்லை. "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என்ற இத்தகைய திட்டத்தின் பயனை ஜெர்மானிய உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்தார். இது பற்றிய 94 ஆய்வுகளை 2006இல் அவரும் ஷீரன் என்பவரும் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் தீர்மானத்தைவிட இத்தகைய திட்டம் குறிப்பிடத்தக்க நற்பயன் தருவது தெரியவந்தது.

ஒரு நாள் தவறினால்?

புதிய பழக்கம் 21 நாட்களில் படிந்துவிடும் என்று சொல்வதுண்டு. இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதை மறுக்கிறது. பழக்கம் தானாக நடக்கும் நிலையை அடைய 18 முதல் 254 நாட்கள்வரை ஆகலாம் என்று அதில் கணிக்கப்பட்டது. நடுத்தர அளவு 66 நாட்கள். பகல் உணவோடு ஒரு பழம் உண்பது போன்ற எளிய செயலுக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரே காலக்கெடு பொருந்தாது. எனவே மூன்று வாரத்தில் பழக்கம் வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் முக்கியமானது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் பாதிக்கப்படவில்லை. ஆனால் நாமோ ஒரு நாள் தவறியதும், "எல்லாம் போயிற்று" என்று முழுவதையும் கைவிடுகிறோம். தவறிய அந்த நாளைவிட, அதன்பின் வரும் இந்த எண்ணமே அதிகத் தீங்கு செய்கிறது.

ஆகவே, மாற விரும்பும் ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, இந்த வாரம் செய்யக்கூடிய சிறு பகுதி எது, அதை எந்த வேளையில், எந்த இடத்தில், எந்தச் செயலுக்குப் பின் செய்வீர்கள் என்பதைக் குறியுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். அந்தக் கடைசி வரிதான் பல தீர்மானங்களில் விடுபட்டுப் போவது.