ஆக்லாந்தின் ஸ்காட்லாந்துப் பெண்கள் வெண்ணெய் எடுத்த விதம்

1842 அக்டோபரில் ‘டச்சஸ் ஆஃப் ஆர்கைல்’, ‘ஜேன் கிஃபோர்ட்’ ஆகிய கப்பல்களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வந்திறங்கினர். அவர்களுக்குப் பின்னும் பலர் வந்தனர். காடு திருத்திப் பண்ணை அமைத்த குடும்பங்களில் ஆண்கள் மரம் வெட்டினார்கள். பசுக்களைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். நிலம் விளையும்வரை அடுப்பு எரிய அவர்கள் எடுத்த வெண்ணெய் பெரிதும் கைகொடுத்தது.

1. கறத்தல்: வேலியில்லாத நிலத்தில் பசு காட்டுக்குள் மேயப் போய்விடும். கன்றைப் பட்டியில் அடைத்து வைத்தால் மாலையில் தாய் தானே திரும்பும். கறந்த பாலைத் துணியில் வடிகட்டுவார்கள்.

2. ஆடை படியவிடுதல்: அகலமான, ஆழமில்லாத தட்டுகளில் பாலை ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் வைப்பார்கள். அங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். எனவே வீட்டின் தென்புறமே பாலுக்கு ஏற்ற இடம்.

3. சேர்த்தல்: துளையிட்ட தட்டைக் கரண்டியால் ஆடையை வழித்து, ஜாடியில் சில நாள் சேர்ப்பார்கள். அது லேசாகப் புளிக்கும். நாம் தயிரைக் கடைகிறோம்; அவர்கள் இந்த ஆடையைக் கடைந்தார்கள்.

4. கடைதல்: உயரமான மரப்பீப்பாயில் ஆடையை ஊற்றி, கோலை மேலும் கீழுமாக இடிக்க வேண்டும். ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அதற்கு மேல் போனால் வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும். அதனால் கோடையில் விடியுமுன்பே கடைவது நல்லது. கோதுமை மணியளவு திரண்டதும் நிறுத்திவிட வேண்டும்.

5. கழுவுதல்: மோரை வடித்துவிட்டு, நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலசுவார்கள். உள்ளங்கைச் சூடு படாமல் மரத்தட்டைகளால் பிசைவார்கள். மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் கெடும். வடித்த மோர் ரொட்டி மாவுக்கும் பன்றிக்கும் போகும்.

6. உப்பிடுதல்: பவுண்டுக்கு அரை அவுன்ஸ் அளவில் உப்புச் சேர்த்து, காற்று புகாதபடி பீப்பாயில் அழுத்தி நிரப்புவார்கள்.

7. விற்றல்: சாலையில்லாத ஊர்களிலிருந்து சரக்கு படகில் நகரத்துக்குப் போகும். கடைக்காரர்கள் பெரும்பாலும் பணத்துக்குப் பதிலாக மாவும் தேயிலையும் சர்க்கரையும் கொடுத்தார்கள்.

1882-இல் ‘டனீடின்’ கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன குளிரூட்டிய சரக்கில் வெண்ணெயும் இருந்தது. இன்று பாற்பொருள்தான் நியூசிலாந்தின் தலையாய ஏற்றுமதிகளில் ஒன்று. இத்தொழில் ஆலைக்குப் போகுமுன் அதை வளர்த்தவர்கள் பண்ணைப் பெண்கள். குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் காடழித்த கோடரிக்குத் தரும் இடத்தை இந்தக் கடைகோலுக்கும் தர வேண்டும்.