உப்பேறிய கிணற்றுக்குக் கணக்கு எழுதும் படிப்பு

திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. கிணறு உப்பாகிப் போனதால் இருபது வருஷத்துக்கு முன்பே இங்கே வந்து பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்துவிட்டோம். மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது என்ன படிப்பு? அதனால் விவசாயிக்கு என்ன பிரயோஜனம்?"

தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக்குச் சோறு போட்டது பனியன் தொழில். தோட்டத்துக் கிணற்றை உப்பாக்கியது அதே தொழிலின் சாயக் கழிவு. வரவையும் சேதத்தையும் ஒரே தாளில் எழுதி, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், இனிமேல் சேதம் வராமலிருக்க என்ன விதி வேண்டும் என்று பார்ப்பதுதான் அந்தப் படிப்பு. இதற்கு நொய்யலை விட நல்ல பாடம் வேறு இல்லை.

நொய்யலில் நடந்தது

பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் குறையும், கசடு பிரியும். கரைந்த உப்பு போகாது. பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது.

1992-ல் பாசனத்துக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, கரூர்ப் பகுதி வரை பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நனைக்க வேண்டியது. சில வருடங்களிலேயே அது கழிவுநீர்த் தேக்கமாகிவிட்டது. தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது.

இழப்புக்குத் தொகை போட்ட விதம்

வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பின்படி, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீட்டை மதிப்பிடச் சூழலியல் இழப்பு ஆணையம் அமைக்கப்பட்டது.

நொய்யல் விவசாயிகளுக்கு அந்த ஆணையம் 2004 டிசம்பரில் தொகை நிர்ணயித்தது. 68 கிராமங்களில் சுமார் 28,600 விவசாயிகள். மொத்தம் ஏறக்குறைய 24.8 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. தலைக்கு வகுத்துப் பார்த்தால் சராசரி 8,700 ரூபாய்க்கும் குறைவு. கிணறு கெட்டு, ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

எந்தெந்த இழப்பைச் சேர்ப்பது, எத்தனை வருடத்துக்குப் போடுவது, எந்த அளவீட்டை நம்புவது என்பதைப் பொறுத்து அந்தத் தொகை ஏறும், இறங்கும். அதைத் தீர்மானிக்கும் மேசையில் விவசாயியின் பக்கம் கணக்குத் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

ஓர் ஏக்கர் வெங்காயத்தின் கணக்கு

பயிருக்குப் பயிர் உப்பைத் தாங்கும் அளவு வேறு. மண்சாற்றின் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி., 1.2 வரை வெங்காயம் தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சல் சுமார் 16 சதவீதம் குறையும் என்பது உலக அளவில் பயன்படும் அளவுகோல். பருத்தி 7.7 வரை தாங்கும்.

கணக்குக்காக ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இ.சி. 3.2 என்றால் வரம்பை விட 2 புள்ளி கூடுதல். இழப்பு 32 சதவீதம். ஏக்கருக்கு 5 டன் எடுத்த இடத்தில் 1.6 டன் போய்விட்டது. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் ஒரு போகத்துக்கு 48,000 ரூபாய்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணோடு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து எடுக்கும் இ.சி. அளவு, மண்சாற்றில் எடுப்பதை விடக் குறைவாக இருக்கும். இரண்டையும் குழப்பினால் இழப்பு இல்லை என்றே கணக்கு வந்துவிடும்.

பயிர் இழப்பு முதல் வரிதான். கிணற்றை ஆழப்படுத்திய செலவு, குடிக்க விலைக்கு வாங்கிய தண்ணீர், விற்றுவிட்ட மாடுகள், நிலத்தின் விலை இறக்கம் எல்லாம் அடுத்தடுத்த வரிகள். நல்ல தண்ணீர் உள்ள பக்கத்து ஊரோடு ஒப்பிட்டு இவற்றை மதிப்பிடும் முறைகள் இந்தப் படிப்பில் உண்டு. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் நொய்யல் படுகை மாசினால் வந்த இழப்பையும் அதற்கான ஈட்டையும் பற்றி ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள்.

அபராதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்த வழக்கில், 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜனவரி முதல் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, அதன்பின் 10 பைசா என்று ஏறும் அபராதம். தினம் ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு இது 6,000 ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாயில் நிற்கும்.

சுத்திகரிக்கும் செலவை விட அபராதம் குறைவாக இருந்தால், அபராதத்தைக் கட்டிவிட்டுக் கழிவை விடுவதே லாபம் என்றாகிவிடும். பிறருக்கு வைக்கும் சேதத்தின் அளவுக்கு வரி போட வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-லேயே எழுதினார். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை.

2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மாசு செய்தவரே பொறுப்பு என்று உறுதி செய்து, கழிவுநீர் வெளியேறா நிலையை எட்ட மூன்று மாதம் கெடு கொடுத்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதன் அடி கூலிக்காரர் வீடு வரை விழுந்தது. பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சவ்வூடு வடிகட்டலாலும் ஆவியாக்கலாலும் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது.

இந்தச் செலவைப் பட்டறைக்காரர் ஏற்க வேண்டுமா, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியா, வரி கட்டும் மக்களா? இதற்கு விடை தேடுவதுதான் படிப்பின் கொள்கைப் பகுதி.

எங்கே படிக்கலாம்?

இளநிலையில் பொருளாதாரமோ வேளாண்மையோ எடுப்பது நல்ல அடித்தளம். பொருளாதாரம் படித்தவர்கள் முதுநிலைக்குச் சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி டெரி போன்ற நிறுவனங்களை விசாரிக்கலாம். பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர்கள் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் எடுக்கலாம். எந்த வழியில் போனாலும் கணிதமும் புள்ளியியலும் துணை வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் சேர்க்கை விதியை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை விஷயத்தில் அளவான நம்பிக்கை போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள். இந்தப் படிப்பு அதற்கு ஈடாகாது. ஆய்வு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி, ஏற்றுமதிக் கம்பெனிகளின் சுற்றுச்சூழல் பிரிவு ஆகியவை வாய்ப்புள்ள இடங்கள். வங்கிக் கடன் வாங்கிப் படிப்பதானால், எந்தப் படிப்புக்கும் போலவே, படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேர்வது உத்தமம்.

வீட்டில் இன்றே தொடங்கலாம்

எவ்வளவு படித்த நிபுணர் வந்தாலும், தோட்டத்தில் எழுதி வைத்த ஆதாரம் இல்லாவிட்டால் கணக்கு நிற்காது. அதனால்:

• கோடைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கிணற்று நீரைப் பரிசோதித்து, தேதியுடன் முடிவைக் கோப்பில் வையுங்கள்.

• மண் மாதிரியை ஒவ்வொரு முறையும் ஒரே வயலில், ஒரே ஆழத்தில் எடுங்கள். எந்த முறையில் இ.சி. பார்த்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

• பயிர், பரப்பு, விளைச்சல், விற்ற விலையைப் போகத்துக்குப் போகம் நோட்டில் குறியுங்கள். மண்டி ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

• கிணறு, போர், டேங்கர் தண்ணீர்ச் செலவு ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

• சாகுபடி விவரம் கிராம அடங்கலில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ராயபுரம் வாசகரின் மகள் படிக்கட்டும். கல்லூரி திறக்கும் முன்பே தோட்டத்துக்கு ஒருமுறை போய், கிணற்று நீரை ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் எடுத்து, பெயரும் தேதியும் எழுதிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வரலாம். முடிவு வந்ததும் அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்கட்டும்.