பிரியும் வேளையின் அடையாளங்கள்

இனி சிகிச்சையால் சுகமில்லை என்று மருத்துவர் கூறிவிட்ட ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் அநேகம். அவருடைய கடைசி நாட்களில் சரீரம் காட்டும் அடையாளங்களை அறிந்திருப்பது அவிசுவாசமல்ல. அவரை வேதனைப்படுத்தாமல் காக்கும் அன்பின் கடமையாகும்.

முதலாவது, பசியும் தாகமும் குறையும். நாளின் பெரும்பகுதி உறக்கத்திலேயே கழியும். உணவை ஏற்கும் நிலையைச் சரீரம் இழந்துவிட்டதே இதற்குக் காரணம். விழுங்க இயலாதவரின் வாயில் பாலோ கஞ்சியோ ஊற்றினால், அது மூச்சுக்குழாய்க்குள் சென்று திணறலை உண்டாக்கும். ஈரப் பஞ்சினால் உதடுகளையும் நாவையும் நனைத்தாலே போதும்.

இரண்டாவது, சிறுநீர் குறைந்து அதன் நிறம் அடர்ந்து காணப்படும். இரத்த ஓட்டம் தளர்வதால் கைகால்கள் குளிரும். முழங்கால்களிலும் பாதங்களிலும் நீலத் திட்டுகள் தோன்றும். மெல்லிய போர்வை போதும். வெந்நீர்ப் பை வைத்தால் உணர்விழந்த தோல் வெந்துபோகக்கூடும்.

மூன்றாவது, சுவாசம் மாறும். ஆழமாக எழும்பி, படிப்படியாகத் தணிந்து, சில விநாடிகள் நின்று, மறுபடியும் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் இது 'செய்ன்-ஸ்டோக்ஸ்' சுவாசம் எனப்படுகிறது. தொண்டையில் தேங்கும் சளியினால் கொறகொறவென்ற ஓசையும் எழலாம். கேட்கிற நமக்கு அது கொடியதாயிருந்தாலும், நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஓசை தணியும். முனகலோ முகச்சுளிப்போ காணப்பட்டால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேதனையைத் தணிக்க மருந்துகள் உண்டு.

பதில் பேசாதவர் எதையும் கேட்கவில்லை என்று எண்ணாதீர்கள். மரணத் தறுவாயில் உணர்வற்றிருந்த சிலருடைய மூளை ஓசைகளுக்கு இசைந்து செயல்பட்டதை 2020இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று காட்டியது. ஆகையால் படுக்கையருகே சொத்துப் பேச்சு வேண்டாம். கையைப் பிடித்து மெதுவாகப் பேசுங்கள். அவர் விரும்பிய பாடலைப் பாடி ஜெபியுங்கள்.

வீட்டில் பராமரிக்க இயலாதவர்களுக்கும் வழியுண்டு. புற்றுநோய் முற்றியவர்களுக்கென்று 1986இல் மும்பை பாந்த்ராவில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன், இந்தியாவின் முதல் அந்திமப் பராமரிப்பு இல்லமாகும்.

மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேலாகிறது. எனவே ஊரிலுள்ள பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் முதல் அடையாளங்கள் தோன்றும்போதே அழையுங்கள். மரணச் சான்று அளிக்கக்கூடிய மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் குறித்து வையுங்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும்.

நாள் இன்னதென்று மனிதர் எவரும் அறியார். ஆயினும் அடையாளங்களை அறிந்த குடும்பம் பதறாமல், பிரிகிறவரின் அருகிலேயே அமர்ந்திருக்கும்.