செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வும் நோய்க் கண்காணிப்பு முறையும்

முன்னுரை

தொற்றுநோய் வரலாற்றை ஆராய்வோர் பெரிதும் நாடுவது இறப்புப் பதிவேடுகளையே. அவற்றில் புலப்படாத நோயைக் கண்டறிய வேறொரு முறை தேவைப்பட்டது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வின் வழி அம்முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவேட்டின் எல்லை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சிற்றூர்களின் இறப்புகளைக் கிராம அலுவலர்கள் பதிந்தனர். வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எனச் சில தலைப்புகளுக்குள் காரணங்கள் அடக்கப்பட்டன. பெரியம்மையை ஊராரே இனங்காண்பர். ஆதலின் அது தனித்துத் தெரிந்தது. மெல்ல வருத்தும் காசநோய் ‘காய்ச்சல்’ என்னும் பொதுத் தலைப்பில் மறைய இடமிருந்தது.

தேடிச் செல்லும் முறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை இணைந்து இவ்வாய்வை நடத்தின. அன்றைய செங்கற்பட்டு மாவட்டம் பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குத் தெற்கேயும் நீண்டிருந்தது. ஆய்வுக்களம் அதன் வடபகுதியில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் வீடுவாரியாகப் பதியப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ செலுத்தப்பட்டது. எவருக்கு எது செலுத்தப்பட்டது என்பது நோயைக் கண்டறிவோருக்குத் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கொரு முறை மக்கள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். ஊடுகதிர்ப் படத்தில் ஐயத்திற்குரியோரின் சளி, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது.

முடிவின் நம்பகத்தன்மை

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியாயிற்று. நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி காப்பளித்ததாகத் தெரியவில்லை. 15 ஆண்டு முடிவும் வயது வந்தோரைப் பொறுத்தவரை இதனையே உறுதிசெய்தது. சிறாரிடம் மட்டும் குறைந்த அளவு காப்புக்கான அறிகுறி தென்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வகைகளை இவ்வாய்வு அளவிடவில்லை. எனவே, குழந்தைகளுக்கு பி.சி.ஜி. இடுவது தொடர்கிறது.

‘வேறுபாடு இல்லை’ என்னும் முடிவு எளிதில் ஐயத்திற்குள்ளாவது. நோயாளிகளைத் தவறவிட்டாலும் அதே முடிவு வரக்கூடும். இங்கு மக்கள்தொகை முழுதும் முன்கூட்டியே பதியப்பட்டதும், தேடல் மீளமீள நிகழ்ந்ததும் அந்த ஐயத்தைப் பெரிதும் குறைத்தன.

முடிவுரை

பதிவேட்டின் எண்ணிக்கை நோயின் அளவை மட்டும் காட்டுவதன்று. தேடலின் அளவையும் காட்டுவது. ஆகவே, பழைய இறப்புப் பதிவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், நோயை இனங்கண்டவர் யார், எம்முறையில் கண்டார் என்பதை முதலில் நிறுவுதல் வேண்டும். குறைந்த எண்ணிக்கை ஒன்றைக் கொண்டே நோய் குறைவாக இருந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது.