“மணி எப்பம்மா திரும்பி வரும்?”

செல்லப்பிராணியை இழந்த குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சிவன் உடும்பு உருவில் வந்து புற்றுக்குள் மறைந்தார் என்பது இங்குள்ள திருமாகறலீஸ்வரர் கோயிலின் தலபுராணம். பட்டுத் தறியும் கோயிலும் வாழ்க்கையோடு கலந்துவிட்ட இந்த வட்டாரத்தில், வளர்த்த நாய் செத்துப்போய் பிள்ளை அழுதால், தார் சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு முதலில் வாயில் வருவது இதுதான்: “அழாதே கண்ணு, மணி சாமிகிட்டப் போயிடுச்சு.”

அன்பில் பிறந்த வார்த்தைதான். ஆனால், ஐந்து வயதுப் பிள்ளை அதோடு விடாது. “சாமி ஏன் என் மணியை எடுத்துக்கிச்சு? என்னையும் எடுத்துக்குமா?” என்று கேட்கும்.

திராவிட இயக்கம் வேரோடிய மண்ணும் இதுதான். சாமி கும்பிடாத வீடுகளும் இங்கே உண்டு. தாங்கள் நம்பாததைப் பிள்ளைக்குச் சொல்ல அந்தப் பெற்றோருக்கு மனம் வராது; வேறு என்ன சொல்வதென்றும் தெரியாது. சொல்வதற்கு இருக்கிறது. உண்மையைச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னாலே போதும்.

தூங்கவும் இல்லை, ஊருக்கும் போகவில்லை

ஹங்கேரியைச் சேர்ந்த உளவியலாளர் மரியா நாகி, 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் மரணம் பற்றிக் கேட்டு, 1948-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் சாவை ஒரு தூக்கமாகவோ பயணமாகவோதான் நினைத்தார்கள். போனவர் திரும்பி வருவார் என்பது அந்த வயதின் கணக்கு.

அதனால்தான் “மணி தூங்குது” என்றால் பிள்ளை இரவில் கண்மூடப் பயப்படலாம். “ஊருக்குப் போயிருக்கு” என்றால் வாசலிலேயே காத்திருக்கும். “மணி செத்துப்போச்சு. அதோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி அதுக்கு வலிக்காது, பசிக்காது. அது திரும்பி வராது” என்று மடியில் உட்காரவைத்துச் சொல்லலாம். அதே கேள்வியை நாளைக்கும் கேட்கும். அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் இந்தச் சோதனை வந்தது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டுச் சமாளிக்கவில்லை. உளவியலாளர்களிடம் ஆலோசித்து, 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான பகுதியில், ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகவே சொன்னார்கள். சொர்க்கம், கடவுள் என்ற பேச்சே அதில் இல்லை.

“என்னாலதானா?”

பிள்ளைகள் வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு. ‘நான் கதவைத் திறந்து விட்டதாலதான் போச்சோ? நேத்து அடிச்சேனே, அதனாலயோ?’ கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். “இது உன்னால நடக்கலை” என்று பெரியவர்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அழுத பிள்ளை பத்தே நிமிடத்தில் பந்து விளையாடப் போகும். அது நெஞ்சில் ஈரமில்லாத தன்மை இல்லை. குழந்தைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். அம்மாவும் அப்பாவும் பிள்ளை முன்னால் அழுதால் தப்பில்லை. மறுநாளே புது நாய்க்குட்டியைத் தூக்கி வருவதுதான் தப்பு. மணியின் இடம் இவ்வளவு சுலபமாக நிரம்புமா என்று பிள்ளை குழம்பும்.

பத்து நல்ல விஷயங்கள்

ஜூடித் வயோர்ஸ்ட் 1971-ல் எழுதிய ஒரு சிறுவர் நூலில், பூனையை இழந்த பையனிடம் அதைப் பற்றிப் பத்து நல்ல விஷயங்களை யோசிக்கச் சொல்கிறாள் அம்மா. ஒன்பதுதான் கிடைக்கிறது. அப்பாவோடு தோட்டத்தில் விதை போடும்போது பத்தாவது கிடைக்கிறது: மண்ணுக்குள் இருக்கும் பூனை, பூக்கள் வளர உதவுகிறது.

இதை எந்த வீட்டிலும் செய்யலாம். தோட்டத்தில் கிணற்றுக்குத் தள்ளி, மற்ற நாய்கள் தோண்டாதபடி நாலடி ஆழத்தில் புதைக்கலாம். பிள்ளை விரும்பினால் ஒரு பிடி மண் போடட்டும், வற்புறுத்த வேண்டாம். மேலே ஒரு செம்பருத்தி நடலாம். தறியோரம் மணி சுருண்டு படுத்தது, பள்ளி விட்டதும் தெருமுனைவரை ஓடி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, படமும் வரையலாம்.

ஒரு எச்சரிக்கை: வெறிநோய் சந்தேகம் இருந்தால் பிள்ளையை அருகில் விடக்கூடாது. அந்த நாய் யாரையாவது கடித்திருந்தாலோ, கீறியிருந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பிள்ளை பல வாரங்களாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ல் மனநல ஆலோசனை பெறலாம்.

பாட்டியோடு சண்டை வேண்டாம்

பாட்டி “சாமிகிட்டப் போச்சு” என்றால், பிள்ளை எதிரில் வாதாட வேண்டியதில்லை. “பாட்டி அப்படி நம்பறாங்க. எனக்குத் தெரிஞ்சது, மணி இனி வராது, நாம அதை மறக்க மாட்டோம்” என்றால் போதும்.

பல பிள்ளைகள் பார்க்கும் முதல் சாவு, ஒரு நாயுடையதோ கோழிக்குஞ்சுடையதோதான். என்றைக்காவது அந்தப் பாட்டியும் இல்லாமல் போகும் நாள் வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை யாரிடம் வந்து கேட்கும்? மணி செத்தபோது பொய் சொல்லாதவரிடம்தான்.